மருந்து இருக்கிறது, மனிதர் இல்லை



இப்பதிவில் வழக்கமாக இலக்கணமும் பயிற்றியலுமே எழுதி வருகிறேன். இன்று எழுதுவது சிலருக்கு முகச்சுளிப்பைத் தரலாம். எனினும் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தாம் ஆண்களையே விரும்பும் இயல்புடையவர் என்றும், எச்.ஐ.வி. கிருமி தம் உடலில் இருப்பதாகவும் கூறினார். "மருந்து வேலை செய்யுது சார். ராத்திரியிலதான் முடியல" என்றார்.

சாஆ சிறிய ஊர். காலையில் சுகாதார நிலைய நாற்காலியில் அமர்ந்தவர் யார் என்பது பாசார் மாலாம் கூடுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே அவர் சிகாமட்டையும் தாண்டி, தம்மை எவரும் அறியாத மருத்துவமனைக்குப் பேருந்தில் செல்கிறார்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் எய்ட்ஸ் என்றால் சுவரொட்டியில் ஒரு மண்டையோடு. அவ்வளவுதான் பாடம். மருத்துவம் அங்கேயே நின்றுவிடவில்லை. முதல்நிலை மருந்துகளை 2006 முதல் நம் அரசு மருத்துவமனைகள் இலவசமாகத் தருகின்றன. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, குருதியில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்துவிட்டால், உடலுறவாலும் பிறருக்குத் தொற்றாது. ஏறத்தாழ 780 ஆண் இணைகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2019-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. சிகிச்சையிலிருந்த துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. நாமோ இன்னும் அவர் குடித்த குவளையைத் தனியே வைக்கிறோம்.

கோவாவில் டொமினிக் டி'சோசா என்றோர் இளைஞர் இருந்தார். குருதிக்கொடை அளித்து வந்தவர். அதன் வழியே கிருமி கண்டறியப்பட்டதும், 1989-இல் காவல்துறையினர் அவரைப் பிடித்துச் சென்று, பழைய காசநோய் விடுதி ஒன்றில் 64 நாள் தனியே அடைத்தனர். மருந்தில்லாத காலம் அது. அவருடைய தாயார் லூசி என்ன செய்தார் தெரியுமா? மகனை மறைக்கவில்லை, தம் பெயரிலேயே மும்பை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நண்பர்கள் தெருவில் இறங்கினர். வெளியே வந்த டொமினிக், 1992-இல் இறப்பதற்குள், தம்மைப் போன்றோருக்காக ஓர் அமைப்பையே தொடங்கிவிட்டார். அவர் வாழ்வைத் தழுவி 2005-இல் 'மை பிரதர் நிகில்' என்னும் இந்தித் திரைப்படம் வந்தது. மருந்தே இல்லாத காலத்தில் அவருக்கு வாய்த்த துணை, மருந்து இருக்கும் காலத்தில் என் மாணவருக்கு வாய்க்கவில்லை.

கோலாலம்பூரில் 1987-இல் 'பிங்க் டிரையாங்கள்' என்னும் பெயரில் தொடங்கிய பி.டி. அறக்கட்டளை, தொலைபேசி ஆலோசனை வழியே இத்தகையோருக்குக் கைகொடுக்கத் தொடங்கியது. நல்ல செய்திதான். ஆனால், நள்ளிரவில் தோட்டப்புற வீட்டில் விழித்துக் கிடப்பவனுக்குக் கோலாலம்பூர் வெகுதூரம்.

பெற்றோருக்கு ஒன்று. "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பதை இன்னும் எத்தனை வீடுகளில் கேட்பது? திருமணத்திற்கு முன் எச்.ஐ.வி. சோதனையை முஸ்லிம் இணையருக்கு முதலில் கட்டாயமாக்கிய மாநிலம், 2001-இல், நம் ஜொகூர்தான். நம் வீட்டுத் திருமணங்களுக்கு அக்கட்டாயமும் இல்லை. ஒன்றும் அறியாத பெண்ணொருத்தியை அதில் தள்ளுவதற்குப் பெயர் குடும்ப மானமா?

ஆசிரியர்களிடம் பேச எனக்குத் தகுதி குறைவு. அம்மாணவர் ஆறாம் ஆண்டில் படித்தபோது, திடலில் மற்ற பிள்ளைகள் அவரைப் 'பொண்டான்' என்று கூவி அழைத்தார்கள். நான் அவர்களைக் கண்டிக்கவில்லை. அவரை அழைத்து, "ஆம்பள மாதிரி நட" என்றேன். அக்கறையோடு சொன்னதாகவே பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன். அன்று தொலைபேசியில் அவர் அதனை நினைவூட்டவில்லை. எனக்குத்தான் நினைவு வந்தது.

வைக்கும் முன் ஒன்று கேட்டார். அம்மாவிடம் சொல்லும் நாளில் நான் உடனிருக்க முடியுமா என்று. வருகிறேன் என்றேன். நாள் இன்னும் குறிக்கவில்லை.