முதலில் காலடி, பிறகே சங்கிலி

'நஞ்சாக்கு' என்று தமிழில் எழுதிப் பார்த்தால் சற்றே அச்சமாகத்தான் இருக்கிறது. நஞ்சை ஆக்கு என்று யாரோ ஆணையிடுவது போன்ற பெயர்! ஆனால் அந்தக் கருவிக்கும் நஞ்சுக்கும் உறவேதும் இல்லை. இரண்டு சிறு கோல்கள், இடையே ஒரு கயிறு அல்லது சங்கிலி, அவ்வளவுதான். ஜப்பானின் தெற்குக் கோடியிலுள்ள ஒகினாவாத் தீவு உலகுக்குத் தந்த கருவி அது.

நம் மன்றத்து நண்பர்களிடையே அண்மைக் காலமாக அடிக்கடி எழுகின்ற வினா ஒன்று உண்டு. "நஞ்சாக்கு கற்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?" என்பதே அது. நான் குடியிருக்கும் ஜீவனஹள்ளியில், மாலை நேரத்தில் மொட்டை மாடிகளைப் பார்த்தால் பலர் இதற்கு விடை கண்டுவிட்டதாகவே தோன்றும். தண்ணீர்த் தொட்டிக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் இடையே நின்று, சுவரில் சாய்த்து வைத்த கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துச் சுழற்றுகிறார்கள். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன், தொடங்கிய இடத்தைப் பாராட்ட இயலவில்லை.

என் விடை இது: நஞ்சாக்கு கற்க விரும்புகிறவர் நஞ்சாக்கிலிருந்து தொடங்கக் கூடாது. காலடியிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்து, ஒரே ஒரு கோலைக் கையில் எடுக்க வேண்டும். அதை ஆளக் கற்ற பிறகே இரண்டு கோலையும் இணைக்கும் கயிற்றைத் தொட வேண்டும். அந்த ஒற்றைக் கோலை முறையாகக் கற்பிக்கும் கலை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதன் பெயர் சிலம்பம்.

மொழிப்பற்றால் சொல்கிறாள் என்று எண்ணிவிட வேண்டாம். இயற்பியல் பயிலும் மாணவி என்ற முறையில்தான் முதலில் சொல்கிறேன். ஒற்றைக் கோல் விறைப்பான பொருள். கை போகும் வழியில் கோல் போகும். கை நின்றால் கோலும் நிற்கும். நஞ்சாக்கோ அப்படியன்று. ஒரு கோல் கைக்கு அடங்கியது. மற்றது கயிற்றுக்கு மட்டுமே அடங்கியது. கயிறு விறைத்து நிற்கும் வரை அந்த இரண்டாம் கோல் ஒழுங்காக வட்டமிடும். கை ஒரு கணம் தயங்கினால் கயிறு தளரும். தளர்ந்த மறுகணமே கோல் தன் விருப்பம் போல் திரும்பும். ஊசலின் நுனியில் இன்னோர் ஊசலைத் தொங்கவிட்டு ஆய்வுக்கூடத்தில் ஆட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு; முடிவில் மலையளவு வேறுபாடு.

வேகத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து சுழலும் கோலின் நுனி வரை 45 சென்டிமீட்டர் என்று கொள்வோம். வினாடிக்கு மூன்று சுற்று. நுனியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 8.5 மீட்டர், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். நகரத் தெருவில் ஸ்கூட்டர் ஓடுகின்ற வேகம்! அந்த வேகத்தில் வரும் மரக்கட்டை கெட்டியான ஒரு பொருளில் மோதினால் மீண்டு வரும். எந்தத் திசையில் வரும் என்று புதியவர் முன்கூட்டி அறிய முடியாது. முழங்கை, விரல் முட்டி, நெற்றிப்பொட்டு, கண் ஆகியவைதாம் அது தேடி வரும் இடங்கள்.

இந்த ஆசை நமக்கு எப்படி வந்தது? திரையிலிருந்து வந்தது. 1972 இல் வெளிவந்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி', 1973 இல் வெளிவந்த 'என்டர் த டிராகன்' ஆகிய படங்களில் புரூஸ் லீ அதைச் சுழற்றினார். உலகத்து இளைஞர்கள் எல்லாரும் சுழற்றத் தொடங்கினார்கள். நியூயார்க் மாநிலம் அஞ்சிப்போய் 1974 இல் அதைத் தடை செய்தது. அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளிக்க 2018 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. திரையில் நாம் கண்டது சில நிமிட வித்தை. அதற்கு முன்னால் அந்த மனிதர் ஆண்டுக்கணக்காகக் கால்களுக்குக் கொடுத்த பயிற்சி திரையில் வரவில்லை. விளக்கைப் பார்த்தோம், எண்ணெயைப் பார்க்கவில்லை.

ஒகினாவாவின் ஆயுதக்கலைப் பள்ளிகளுக்கே போய்ப் பாருங்கள். பல பள்ளிகளில் மாணவர் கையில் முதலில் தரப்படுவது நஞ்சாக்கு அன்று. 'போ' எனப்படும் ஆறடி நீளக் கம்பு. நம் சிலம்ப ஆசான்களின் வரிசையும் அதுவே. முதலில் வணக்கம், பிறகு காலடி வரிசை, பிறகு கம்பு வீச்சு, அடியும் தடுப்பும், அதன் பின்னரே மான்கொம்பும் வாளும். வளைந்து நெளியும் சுருள்வாள் கடைசிப் பாடம். கடலால் பிரிந்த இரு மக்கள், வளையாததை முதலிலும் வளைவதைப் பின்னரும் வைத்தார்கள் என்றால், அது அனுபவம் கற்பித்த பாடம் அன்றோ?

இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். "சிலம்பம்தான் கடல் கடந்து நஞ்சாக்கு ஆயிற்று" என்று மார்தட்டுகின்ற நண்பர்களும் நம்மிடையே உண்டு. 2011 இல் '7ஆம் அறிவு' படம் வந்ததிலிருந்து கீழ்த்திசைக் கலைகள் எல்லாம் நம்மிடமிருந்தே போயின என்று பேசுவது எளிதாகிவிட்டது. நஞ்சாக்கு பற்றி அவ்வாறு சொல்லச் சான்று இல்லை. நெல் அடிக்கும் கருவியிலிருந்து வந்தது என்பார் சிலர். குதிரையின் கடிவாளத்திலிருந்து வந்தது என்பார் வேறு சிலர். ஒகினாவா மக்களின் உழைப்பை ஒகினாவா மக்களுக்கே விட்டுவிடுவோம். சிலம்பத்தின் சிறப்புக்குக் கடன் வாங்கிய பெருமை எதற்கு?

இனி, தொடங்குவது எவ்வாறு?

முதல் இரண்டு வாரம் கையில் ஒன்றும் வேண்டாம். முன்னே, பின்னே, பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கவும், எடை எந்தக் காலில் இருக்கிறது என்று உணரவும் பழகுங்கள். அடுத்துக் கம்பு. நின்றால் நெற்றியைத் தொடும் உயரம் என்பது சிலம்பக் கம்புக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு. புதியவர் மார்பளவுக் கம்பில் தொடங்கினால் நல்லது. இதற்கும் கணக்கு உண்டு. ஒரே பருமனுள்ள கோலின் நிலைமத் திருப்புத்திறன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். நீளம் இரட்டித்தால் சுழற்றும் தடை எட்டு மடங்கு. நீளத்தில் கால் பங்கைக் குறைத்தாலோ தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மெல்லிய பிரம்பாக இருந்தால் மணிக்கட்டு நன்றி சொல்லும்.

கம்பு இரு கையிலும் ஒன்றுபோல் சுழலத் தொடங்கிய பிறகு நஞ்சாக்கை எடுங்கள். மரமோ இரும்போ வேண்டாம். நுரைப்பஞ்சு சுற்றியதே போதும். ஒவ்வொரு கோலும் முன்கையின் நீளம், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், இருக்கட்டும். கயிறு உள்ளங்கையின் அகலத்துக்கு மேல் போகாதிருக்கட்டும். கோலின் நடுப்பகுதியைப் பிடியுங்கள். கயிற்றின் அருகே பிடித்தால் ஆற்றல் குறையும். கடைக்கோடியில் பிடித்தால் அடக்கம் குறையும். முதற்பாடம் சுழற்றுவது அன்று, நிறுத்துவது. வீசிய கோலை அக்குளில் அடக்கவும், தோளுக்குப் பின்னால் மறு கையால் பற்றவும் கற்ற பிறகே, எட்டு என்னும் எண்ணைக் கிடத்தியது போன்ற சுழற்சிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் கயிற்றையும் முடிச்சையும் பாருங்கள். நீட்டிய கையும் கோலும் எட்டும் தொலைவுக்குள் ஆளும் இருக்கக் கூடாது, சுவரும் இருக்கக் கூடாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிய வெட்கப்பட வேண்டாம்.

இவ்வளவையும் படித்தே செய்துவிடலாமே, ஆசான் எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசி உங்களுக்குக் காட்டும், உங்களைப் பார்க்காது. கை சுழலும் போது கால் தவறிய இடத்தைக் கண்டு "நில்!" என்று சொல்ல எதிரே ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் எங்கே? இதுதான் நம்மைச் சுடுகின்ற கேள்வி. ஊரில் கம்பு பழகியவர்கள் பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்திருக்கிறார்கள். கட்டட வேலையிலும் காவல் பணியிலும் சுமை தூக்குவதிலும் இருக்கிறார்கள். தேடினால் கிடைப்பார்கள். ஆனால் பட்டமேற்படிப்பு மாணவர்களாகிய நாம், வாயிற்காப்போர் ஒருவர் முன் கைகட்டி நின்று "ஆசானே, கற்றுத் தாருங்கள்" என்று கேட்போமா? திரையில் தெரியும் வெளிநாட்டாரிடம் கற்க வெட்கமில்லை; வாசலில் நிற்கும் நம் அண்ணனிடம் கற்க வெட்கமா? அந்த வெட்கத்தை அடிப்பதுதான் நம் முதல் கம்பு வீச்சாக இருக்கட்டும்.

இன்னொரு தடை உண்டு. அதை மூடி மறைத்துப் பயனில்லை. "பெங்களூரில் தமிழ் மாணவர்கள் கூடிக் கம்பு சுற்றினால் அதை ஊர் எப்படிப் பார்க்கும்?" என்று மூத்த நண்பர்கள் கேட்கிறார்கள். காவிரிச் சிக்கலில் 1991 டிசம்பரில் இந்த நகரம் கண்ட கலவரத்தை நம் தெருவின் முதியவர்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததைப் பள்ளிப் பருவத்தில் நாமே கேட்டோம். அவர்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அச்சத்திற்கு மருந்து ஒளிந்து பழகுவதா? பூட்டிய மாடியில் பழகினால்தான் ஐயம் வளரும். வெளிச்சத்தில் பழகினால் ஐயம் கரையும்.

கன்னட மண்ணுக்கும் கோல் அயலானது அன்று. 'தொண்ணெ வரசெ' என்னும் கம்பு வரிசை அவர்களுடையது; மைசூரின் கரடி மனைகள் உடற்பயிற்சிக்கும் மற்போருக்கும் பெயர் பெற்றவை. 'வரசெ' என்ற சொல்லிலேயே நம் 'வரிசை' ஒலிக்கிறதே! அந்தக் கலை அறிந்தவர்களை நம் களத்துக்கு அழைப்போம். ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே போகும் தொலைவில், உல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 18 ஆண்டுகள் துணி போர்த்தி நின்ற அந்தச் சிலை 2009 ஆகஸ்டு 9 ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மாநில அரசுகளும் அன்று காட்டிய வழி மாணவர்களுக்கு மட்டும் கடினமா?

மாணவியருக்கும் ஒரு சொல். கம்பு ஆண்களுக்கே என்ற காலம் போயிற்று. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் செய்முறை விளையாட்டாக இடம்பெற்றது. பார்வையாளர் வரிசையில் நாம் இருந்தது போதும். கால்வரிசைக்கு வருவோம், தோழியரே!

மன்றத்தின் முன் வைக்கும் வேண்டுகோள் இதுதான். பல்கலைக்கழகத்தின் இசைவு பெற்று, சனி, ஞாயிறு காலைகளில் ஒரு மணி நேரம் திறந்த மைதானத்தில் சிலம்பப் பயிற்சி நடத்துக. ஆசானுக்கு உரிய ஊதியத்தைச் சந்தாப் பணத்திலிருந்து மாதந்தோறும் தவறாமல் கொடுக்க. அறிவிப்பைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டுக. மைதானத்துக்கு வெளியே, தெருவிலோ ஊர்வலத்திலோ, எவரும் கம்பேந்தக் கூடாது என்பதை முதல் விதியாக்குக. ஆறு மாதம் கழித்து, கம்பு வசப்பட்டவர்கள் நஞ்சாக்கைக் கொண்டு வரட்டும். அதையும் அன்போடு வரவேற்போம்.

வாங்கி வைத்திருப்பவர்கள் அதுவரை அதை அலமாரியில் வையுங்கள். முதல் இரு வாரத்துக்குக் கம்பும் தேவையில்லை, காசும் தேவையில்லை. விடியற்காலையில் எழுந்து, வெறுங்கையோடு, இரண்டு கால்களோடு வாருங்கள்; அது போதும்.