வேலிகளுக்கு நடுவே ஓடும் சைக்கிள் பாதைகள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று சுற்றுலாக் கம்பெனிகள் அழைக்கின்றன. வளைந்து செல்லும் சிறு சாலை, இருபுறமும் பச்சை உயிர்வேலி, தூரத்தில் ஒரு மாதா கோவில் கோபுரம், ஆற்றோரம் பழைய மில் கட்டிடம். படம் அழகாகத்தான் இருக்கிறது. நாம் அழகுக்கு விரோதிகள் அல்ல. ஆனால் அந்த வேலியைப் போட்டது யார்? அந்த மில்லில் வேலை செய்தது யார்? பாடுபடுகிறவன் அந்தச் சாலையில் போகும் உரிமையை எப்படிப் பெற்றான்? விளம்பரத்தில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. பஞ்சாலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதுதான்.

முதலில் வேலி. 1604 முதல் 1914 வரை பிரிட்டிஷ் பார்லிமெண்டு 5,200-க்கும் அதிகமான வேலியடைப்புச் சட்டங்களைப் போட்டது. அவற்றால் வளைக்கப்பட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். ஊர்ப் பொதுவில் மாடு மேய்த்து, சுள்ளி பொறுக்கிப் பிழைத்த ஏழைக் குடியானவன் ஒரே நாளில் அந்நியனானான். புறம்போக்கை மிராசுதார் வளைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை நமது விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே அதைப் பார்லிமெண்டே சட்டம் போட்டுச் செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இன்று சைக்கிள் யாத்திரிகர் நின்று படம் எடுக்கும் உயிர்வேலிகளில் பல, இப்படி நிலத்தைப் பறித்துக்கொண்ட பிறகு நட்டவை.

தெற்கே டார்செட் பக்கம் போனால் டால்பட்டில் என்ற சிற்றூர் வரும். அங்கே வாரம் 9 ஷில்லிங்காக இருந்த கூலி 7 ஆயிற்று. 6 ஆக்குவோம் என்று பண்ணையார்கள் மிரட்டினார்கள். சங்கம் சேர்ந்து உறுதிமொழி எடுத்துக்கொண்ட குற்றத்துக்காக 6 விவசாயத் தொழிலாளர்கள் 1834-ல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். தொழிலாளர் கிளர்ச்சியால் 1836-ல் சர்க்கார் அவர்களுக்கு மன்னிப்பு வழங்க நேர்ந்தது. இன்றும் ஆண்டுதோறும் ஜூலையில் தொழிற்சங்கத்தார் கொடிகளோடு அந்த ஊரில் கூடுகிறார்கள்.

அடுத்து மில். டெர்பிஷயரில் மான்சல் பாதை என்று ஒன்று இருக்கிறது. 1968-ல் மூடிய ரயில் தடத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்குமாக மாற்றியிருக்கிறார்கள். 8.5 மைல் நீளம். 2011-ல் சுரங்கங்களையும் திறந்துவிட்ட பிறகு கூட்டம் அதிகம். மலையைக் குடைந்து, பள்ளத்தாக்கின் மேல் பாலம் கட்டி அந்தத் தடத்தைப் போட்டவனும் கூலியாள்தான். அந்தப் பாதையின் கீழே, வை ஆற்றங்கரையில் நிற்கிறது லிட்டன் மில். லண்டன் ஏழைகள் விடுதியில் வளர்ந்த ராபர்ட் பிளிங்கோ என்ற அநாதைச் சிறுவன் 1799-ல், சுமார் 7 வயதில், நூல் மில் வேலைக்கு அனுப்பப்பட்டான். முதலில் நாட்டிங்காம் பக்கம் ஒரு மில். பிறகு இந்த லிட்டன் மில். அடியும் உதையும், பன்றித் தொட்டியிலிருந்து உணவைத் திருடித் தின்னும் பசியும் அவன் கண்ட வாழ்வு. செத்த குழந்தைகளின் கணக்கு வெளியே தெரியாமலிருக்க ஒரே இடுகாட்டில் புதைக்காமல் வெவ்வேறு ஊர்களில் புதைத்தார்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். அவனுடைய வரலாற்றை 1832-ல் புத்தகமாக வெளியிட்டவர் நூற்பாளர் சங்கத் தலைவர் ஜான் டோஹர்டி. இன்று அந்தக் கட்டிடம் வசதியுள்ளோர் வசிக்கும் வீடுகளாகிவிட்டது. சைக்கிளில் வருகிறவர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்து, எவ்வளவு அமைதியான இடம் என்கிறார்கள்!

அந்த மில் தொழிலாளியின் வாரிசுக்குச் சைக்கிள் ஏறி ஊர் சுற்ற நேரம் எங்கிருந்து வந்தது? பத்து மணி நேர வேலைக்காக நடந்த போராட்டத்தின் பலனாக 1850-ல் வந்த சட்டம், ஜவுளி மில்களில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது. அந்த அரை நாள்தான் ஆரம்பம். சம்பளத்துடன் விடுமுறை என்பதற்குச் சட்டம் வர 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓய்வு முதலாளி போட்ட பிச்சை அல்ல; அது கூலிக் கோரிக்கையின் மறுபாதி.

காற்றடைத்த டயர் வந்து, சைக்கிள் விலையும் இறங்கத் தொடங்கியபோது, அந்த அரை நாளைத் தொழிலாளர்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள். 1894-ல் பர்மிங்காமில் சில சோஷலிஸ்ட் வாலிபர்கள் கூடி ஒரு சைக்கிள் சங்கம் தொடங்கினார்கள். மான்செஸ்டரில் ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு நடத்திய 'கிளாரியன்' வாரப் பத்திரிகையின் பெயரே சங்கத்தின் பெயராயிற்று. (அதே பர்மிங்காமில் பிறந்ததுதான் நமது தொழிலாளியும் மிதிக்கும் 'ஹெர்குலிஸ்', 1949-ல் அந்த ஊர்க் கம்பெனியின் கூட்டோடுதான் சென்னையில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கியது.) கிளாரியன் தோழர்கள் சும்மா காற்று வாங்கப் போகவில்லை. பையில் துண்டுப் பிரசுரம், பத்திரிகைக் கட்டு. பண்ணையாரின் பிடியிலிருந்த கிராமத்துச் சந்தையில் நின்று சோஷலிசம் பேசினார்கள். வழியில் ஒருவரையொருவர் கண்டால் ஒருவர் 'பூட்ஸ்!' என்பார், மற்றவர் 'ஸ்பர்ஸ்!' என்று பதில் கொடுப்பார். பிளாட்ச்ஃபோர்டு 1914 யுத்தத்தில் ஏகாதிபத்தியத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தார் என்பதையும் மறைக்க வேண்டாம். தலைவர் தடம் புரண்டாலும் தொண்டர்கள் செய்த வேலை வீணாகவில்லை.

சாலையில் போகலாம், சாலையை விட்டு இறங்கினால்? மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. புகையிலும் பஞ்சுத் தூசியிலும் கிடந்த லட்சக்கணக்கான மக்களுக்குப் பக்கத்திலேயே நல்ல காற்று. ஆனால் பிரபுக்கள் வருஷத்தில் சில நாள் பறவை சுடுவதற்காக அது பூட்டிக் கிடந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 இளம் தொழிலாளர்கள் காவல் ஆட்களை மீறி மேலே ஏறினார்கள். முன்நின்றவர் பென்னி ராத்மேன், 20 வயதுக் கம்யூனிஸ்ட் வாலிபர். தடை உத்தரவோடு ரயில் நிலையத்தில் காத்திருந்த போலீசை ஏமாற்றிவிட்டு அவர் வந்து சேர்ந்தது எதில் தெரியுமா? சைக்கிளில்! 5 பேருக்குச் சிறை கிடைத்தது. ராத்மேனுக்கு 4 மாதம். வழக்குக்கு நிறுத்தலாம் என்று முடிவு செய்த ஜூரியில் இராணுவ அதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் நிறைந்திருந்தார்கள். 2002-ல் டெவன்ஷயர் டியூக் தன் பாட்டன் காலத்துச் செயலுக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ராத்மேன் அதே வருஷம் ஜனவரியில் காலமாகிவிட்டார். அந்த மன்னிப்பு அவர் காதில் விழவில்லை.

சிறை வீண்போகவில்லை. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் கிண்டர் இருக்கும் பீக் பிரதேசம் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1968-ல் குதிரைப் பாதைகளில் சைக்கிளும் போகலாம் என்றது சட்டம். 2000-ல் மேட்டுநிலங்களில் நடந்து திரியும் உரிமை வந்தது. ஆனால் அந்த உரிமை கால்நடையாகப் போகிறவனுக்குத்தான், சைக்கிளுக்கு இல்லை. இப்படித் திறந்த நிலம் இங்கிலாந்தில் சுமார் 8 சதவிகிதம். பொதுமக்கள் போகும் உரிமையுள்ள பாதைகளிலும் நாலில் ஒரு பங்குக்குக் குறைவாகவே சைக்கிளுக்குச் சட்ட அனுமதி. வடக்கே ஸ்காட்லாந்திலோ, 2003-ம் வருஷச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் சைக்கிளிலும் போகலாம். அங்கே பயிர் அழிந்துவிட்டதா? பண்ணையம் நின்றுவிட்டதா? ஒரே தீவில் நடப்பது தெற்கே நடக்காது என்பது நிலச்சுவான்தாரின் வாதம். ஸ்காட்லாந்து மாதிரி உரிமை தருவோம் என்று பேசிவந்த லேபர் கட்சி, தேர்தல் நெருங்கியதும் 2023-ல் பின்வாங்கியது. லேபர் தலைமைக்கு இது புது வழக்கம் அல்ல.

டார்ட்மூரில் ஒரு பணக்கார நில உடைமையாளர், பொது மேட்டுநிலத்தில் இரவு கூடாரம் அடித்துத் தங்கும் உரிமையை எதிர்த்து வழக்குப் போட்டார். 2023 ஜனவரியில் கீழ்க் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் டார்ட்மூரில் திரண்டு நடந்து எதிர்ப்புக் காட்டினார்கள். மேல் வழக்கில் தீர்ப்பு மாறியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் மக்களின் உரிமையையே உறுதி செய்தது. வேலியடைப்புப் பழைய கதை என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

கிளாரியன் சைக்கிள் சங்கத்திலேயே 2021-ல் ஒரு தகராறு. சோஷலிசம் என்ற சொல்லைச் சட்டதிட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானம் வந்து நிறைவேறியது. அரசியல் வேண்டாம், சைக்கிள் போதும் என்பது அவர்கள் கட்சி. அந்தச் சொல் இல்லாவிட்டால் சங்கமே வேண்டாம் என்றவர்கள் பிரிந்து வேறு சங்கம் கண்டார்கள். நாம் பிரிந்தவர்கள் பக்கம். லங்காஷயரில் நெல்சன் என்ற நெசவாளர் ஊருக்கு வெளியே, பெண்டில் மலையடியில், சோஷலிஸ்ட் தொழிலாளர்கள் 1912-ல் கட்டிய கிளாரியன் இல்லம் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறப்பார்கள். சைக்கிளில் வருகிறவர்களுக்கும் நடந்து வருகிறவர்களுக்கும் பெரிய குவளையில் தேநீர் கிடைக்கும். ஊற்றிக் கொடுப்பவர்கள் தொண்டர்கள்.