தண்ணீர் வந்த வழி
கார் ஒழுகினால் பசையைத் தேடி ஓடுகிறார்கள். தேட வேண்டியது ஓட்டையை. அதற்கும் முன்னால், அடைபட்ட வடிகாலை.

மட்டாஞ்சேரியில் ஜூன் பிறந்து பத்து நாள் ஆனால் போதும். தெருவோரம் நிறுத்திய காரின் கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாசனை முகத்தில் அடிக்கும். மிதியடியைத் தூக்கினால் அடியில் கார்ப்பெட் சொதசொதவென்று இருக்கும். சில வண்டிகளில் டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் தேங்கி நிற்கும். உடனே சொந்தக்காரர் கேட்பது, "எங்கே அடைக்கலாம்?" என்றுதான். "எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பவர்கள் குறைவு. மழைக்காலம் முழுக்க காசு கரைவது அந்தக் கேள்வியைக் கேட்காததால்.

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. இது சென்னையில் பெய்வதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. தென்மேற்குப் பருவமழை செப்டம்பரில் ஓய்ந்தால், அக்டோபரில் துலாவர்ஷம் வந்துவிடும். பஜார் ரோட்டையும் யூதத் தெருவையும் சுற்றியுள்ள வீடுகளில் பல, கார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. வண்டிக்கென்று கூரை கிடையாது. சென்னையிலோ மதுரையிலோ ஒழுகும் வண்டியை இரண்டு நாள் வெயில் காய வைத்துவிடும். சொந்தக்காரரும் விஷயத்தை மறந்துவிடுவார். இங்கே அந்தச் சலுகை இல்லை. ஒருமுறை உள்ளே போன ஈரம் வாரக்கணக்கில் தங்குகிறது. போதாததற்கு உப்புக் காற்று வேறு.

வழக்கமாக நடப்பது இது. இடது பக்க முன் இருக்கையின் காலடி நனைந்திருக்கிறது. வண்டி டிங்கரிங் கடைக்குப் போகிறது. முன் கண்ணாடிதான் காரணம் என்று தீர்ப்பாகி, அதைச் சுற்றி ஒரு குழாய் சிலிக்கான் பூசப்படுகிறது. அதற்கடுத்த வாரம் மழை விட்டிருக்கிறது, காலடி காய்ந்திருக்கிறது. எல்லோருக்கும் திருப்தி. மறுபடி மழை பிடித்ததும் அதே இடத்தில் அதே ஈரம். இந்த முறை கதவு ரப்பர் மாற்றப்படுகிறது. மூன்றாவது முறை யாரும் எதையும் நம்புவதில்லை. காலடியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இதில் உள்ள தவறு எளிதில் புரியும். கூடத்தில் சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உடைந்த ஓடு உச்சியருகே எங்கோ இருக்கும். தண்ணீர் கைமரத்தின் அடிப்பக்கமாக வழிந்து வந்து, தடுக்கும் இடத்தில் சொட்டும். காரிலும் அப்படித்தான். தகட்டின் மடிப்பு, ஒயர் கட்டு, கூரைத் துணியின் உட்புறம் என்று கிடைத்த பாதையில் தண்ணீர் நடந்துபோய், தாழ்ந்த இடத்தில் தலைகாட்டுகிறது. நனைந்த இடம் பயணத்தின் முடிவு மட்டுமே.

இன்னொரு உண்மை பலருக்கு ஆச்சரியம் தரும்: கார் தண்ணீர் புகாத பெட்டி அல்ல. அப்படி யாரும் அதை வடிவமைப்பதும் இல்லை. மழைத்தண்ணீர் குறிப்பிட்ட சில இடங்களுக்குள் வரத்தான் செய்யும்; வந்த தண்ணீரை ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வராமல் வழி காட்டி வெளியேற்றுவதுதான் ஏற்பாடு. அம்பாசடர், பத்மினி காலத்தில் முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருந்தது. பீடிங் காய்ந்து வெடித்தால் ஒழுகும். வேறு பீடிங் போட்டால் நிற்கும். 2014இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்றைய கார்களில் முன் கண்ணாடி வலுவான பசையால் தகட்டோடு ஒட்டப்படுகிறது. யாரும் கழற்றி மாட்டாதவரை அது எளிதில் ஒழுகாது. இன்றைய ஒழுகலில் பெரும்பகுதி, உள்ளே வரும் வழியில் அல்ல, வெளியே போகும் வழியில் ஏற்படும் கோளாறு.

கதவை எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் உள்ள ரப்பர் பட்டை மழையை முழுதாகத் தடுக்காது. தண்ணீர் கண்ணாடியோடு வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியேறும். கதவின் உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் தாள் அந்தத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும். புதிய ஸ்பீக்கர் பொருத்தவோ, பவர் விண்டோ பழுது பார்க்கவோ அட்டையைக் கழற்றுகிறவர் இந்தத் தாளைக் கிழித்துவிட்டு, "வெறும் தாள்தானே" என்று அப்படியே மூடினால், அடுத்த மழையில் காலடி நனையும். அடித் துளைகளில் சேறு அடைத்தாலோ, கதவைத் திறக்கும்போது உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும். கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

வைப்பர்களுக்குக் கீழே, பானெட்டும் கண்ணாடியும் சேரும் இடத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. கண்ணாடியில் வழியும் மழையெல்லாம் அதில்தான் விழும். இரு ஓரத்து வடிகால்கள் வழியே இறங்கிப் போகும். ஃபோர்ட் கொச்சியின் அழகே தூங்குமூஞ்சி மரங்கள்தான். ஆனால் அவற்றின் பொடி இலைகளும் பூ நாரும் அந்தத் தொட்டிக்கு எமன். வடிகால் அடைபட்டால் தொட்டி நிரம்பும், நிரம்பினால் ஏ.சி. புளோயர் காற்று இழுக்கும் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டும். நம் நாட்டுக் கார்களில் புளோயர் பெரும்பாலும் இடது பக்கம் இருப்பதால் நனைவது இடது காலடி. கண்ணாடியைச் சுற்றி எவ்வளவு சிலிக்கான் பூசினாலும் இது நிற்கப்போவதில்லை. கையளவு இலைக் குப்பையை அள்ளிப் போட்டால் நின்றுவிடும்.

சன்ரூஃப் வைத்த கார்களிலும் இதே கதை. அதைச் சுற்றியுள்ள ரப்பர் தடுப்பது பாதிதான். மீதித் தண்ணீர் கீழே உள்ள தட்டில் விழுந்து, மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியே கம்பங்களுக்குள் இறங்குகிறது. குழாய் அடைத்தால் தட்டு வழியும். பிரேக் போட்டதும் தலைமேல் தண்ணீர் கொட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம். அடைப்பை எடுக்க மென்மையான நைலான் நரம்பு போதும். தூண்டில் நரம்புக்குக் கொச்சியில் பஞ்சமில்லை. கம்ப்ரெஸர் காற்றை வேகமாக அடித்தால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும். பிறகு கூரைத் துணியையே இறக்க வேண்டிவரும்.

டிக்கியில் தண்ணீர் என்றால் முதலில் பார்க்க வேண்டியவை பின் விளக்குகளின் பின்னால் உள்ள ரப்பர், டிக்கி மூடியின் ரப்பர், கூரை ஆன்டெனாவின் அடிப்பகுதி, கூரைத் தகடுகள் சேரும் பள்ளம். இடித்து டிங்கரிங் செய்த வண்டியானால், தகடு ஒட்டுப்போட்ட இடத்தில் சீலர் விட்டுப்போயிருக்கலாம்.

மழையே காரணமாக இல்லாத ஈரமும் உண்டு. கொச்சிக் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏ.சி. ஓடினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாமல் உள்ளே நனைந்தால் ஏ.சி. வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஈரம் பிசுபிசுப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாசனையாக இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். மேற்குக் கொச்சிக்கென்றே ஒன்று இருக்கிறது: மலையாளத்தில் 'வேலியேற்றம்' எனப்படும் கடல் ஓதத்தின்போது தாழ்வான தெருக்களில் காயல் நீர் ஏறிவிடும். அது தரைத்தகட்டின் ரப்பர் மூடிகள் வழியாகக் கீழேயிருந்து வரும். காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூக்கும். மழைத் தண்ணீர் அப்படிப் பூக்காது.

கண்டுபிடிக்கும் முறைக்கு இரண்டு பேரும் ஒரு ஹோஸ் பைப்பும் போதும். முதலில் உள்ளே முழுதும் உலர வேண்டும். ஈரத்தில் ஈரத்தைத் தேட முடியாது. மிதியடி, கார்ப்பெட், ஓர அட்டைகளை எடுத்துவிட்டு, வெறும் தகட்டின் மேல் முகப்பவுடர் தூவலாம். தண்ணீர் வந்த தடம் அதில் கோடாகத் தெரியும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் வெளியே. தண்ணீரை மெதுவாக விட வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் வேகத்தில் அடித்தால் நல்ல ரப்பரும் விட்டுக்கொடுக்கும்; இல்லாத ஓட்டையைக் காட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் சேர்ந்து நனையும். எது குற்றவாளி என்று தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

பைப் பிடிக்க இடமில்லாத சந்துகளில் வேறு வழி உண்டு. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை இழுக்கும்படி புளோயரை முழு வேகத்தில் வைத்து, வெளியே ரப்பர் ஓரங்களிலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழ் வரும். கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். அதை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் பிடித்து வர வேண்டும்; வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. வண்டி எந்தச் சரிவில் நின்றபோது நனைந்தது, ஓடும்போதா நிற்கும்போதா என்பதையும் கவனித்துச் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

காரணம் தெரிந்தபின் பரிகாரம் பெரும்பாலும் சிறியது. வடிகாலைச் சுத்தம் செய்வது, கிழிந்த தாளை மாற்றிப் பியூட்டைல் பட்டையால் ஒட்டுவது, பின் விளக்கின் ரப்பரைப் புதுப்பிப்பது. கண்ணாடியே ஒழுகினால் அதை எடுத்து, துருவை நீக்கி, அதற்குரிய யூரித்தேன் பசையால் மறுபடி ஒட்ட வேண்டும். வினிகர் நெடி அடிக்கும் சாதாரண சிலிக்கான் இங்கே உதவாது. காயும்போது அது வெளிவிடும் அமிலம் இரும்புத் தகட்டை அரிக்கும். ஒழுகலை நிறுத்தப் பூசியதே துருவுக்கு விதையாகும்.

நாலு சொட்டுத் தண்ணீருக்கு இவ்வளவா என்று கேட்கலாம். கார்ப்பெட்டின் அடியில் உள்ள பஞ்சு லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்துவிட்டு, மேலே காய்ந்ததுபோல் காட்டும். அதன் கீழேதான் தரைத்தகடு துருப்பிடிக்கிறது. பல கார்களில் இருக்கைக்கு அடியிலும் நடுவிலும் ஒயர் இணைப்புகள், ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை இருக்கின்றன. அங்கே பச்சைப் பாசம் பிடித்தால், விபத்தின்போது காப்பாற்ற வேண்டிய சாதனம் பேசாமல் இருந்துவிடலாம். எனவே ஒழுகல் நின்ற பிறகும் கார்ப்பெட்டை வெளியே எடுத்து மின்விசிறிக்கு அடியில் முழுதும் உலர்த்திய பிறகே திரும்பப் போட வேண்டும்.

பணக்கணக்கும் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பின், ஈரவாடை அடிக்கும் பழைய காரை வாங்க வருபவர் முதலில் சந்தேகப்படுவது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்றுதான். இலைக் குப்பை அடைத்த வடிகாலுக்காக, மூழ்கிய வண்டியின் விலைக்கு நல்ல காரை விற்க நேரலாம். இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது. வெள்ளச் சேதத்துக்கு முழு பாலிசி பணம் தரும். நாள்பட்ட தேய்மானத்துக்குத் தராது. ரப்பர் இற்றுப்போய் ஒழுகுவது இரண்டாவது வகை.

புதிய வண்டி என்றால் நிலைமை வேறு. தொழிற்சாலையில் கார்களை ஷவர் சோதனையில் நனைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். வாரன்டி காலத்தில் ஒழுகினால், ஒவ்வொரு முறையும் 'தண்ணீர் கசிவு' என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குவது முக்கியம், வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. பலமுறை போயும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்.

ஆனால் பெரும்பாலோருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. மே மாதக் கடைசி ஞாயிறன்று பானெட்டைத் திறந்து வைப்பர் தொட்டியில் உள்ள குப்பையை அள்ளி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது இரு பக்கமும் கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கதவுகளின் அடித் துளைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும். அரை மணி நேர வேலை. பருவமழை ஜூன் முதல் தேதியை ஒட்டி வந்துவிடும்.