எலும்பு மாத்திரை: சாப்பிடலாமா, வேண்டாமா?

வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை. அதைச் சாப்பிடுவதா, வேண்டாமா? இந்தச் சின்னக் கேள்வி பல வீடுகளில் பெரிய சண்டையாகி விடுகிறது.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அம்மாவுக்கு வயது 68. மழை பெய்து பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு ஒடிந்தது. டாக்டர் சோதித்துப் பார்த்து, "எலும்பில் பலம் இல்லை" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். வளைகுடா நாட்டில் நர்சாக வேலை பார்க்கும் மகள், "சாப்பிடு அம்மா" என்கிறாள். ஊரில் இருக்கும் மகன் செல்போனில் எதையோ படித்துவிட்டு, "வேண்டாம் அம்மா, தாடை எலும்பு அழுகிப் போகுமாம்" என்கிறான். மாத்திரை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது.

யார் சொல்வது சரி?

மகள் சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. ஆனால் மகனுடைய பயமும் வெறும் கற்பனை அல்ல.

தேய்மானம் வேறு, இது வேறு

நம் ஊரில் முழங்கால் வலித்தாலும் "எலும்பு தேய்மானம்" என்கிறோம். முதுகு கூனினாலும் அதையே சொல்லுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. முழங்கால் வலி, பெரும்பாலும் மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. இங்கே பேச்சு எலும்புப்புரை பற்றி. கரையான் அரித்த மரம் போல எலும்பு உள்ளுக்குள்ளே ஓட்டையாகி விடுகிறது. வெளியே தெரியாது. வலிக்காது. ஒடியும்போதுதான் தெரியும்.

எலும்பு கல் அல்ல. அது உயிருள்ள பொருள். பழைய எலும்பை ஒரு வகை உயிரணுக்கள் அரித்து எடுக்கின்றன. வேறு வகை உயிரணுக்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. மாதவிலக்கு நின்ற பிறகு இடிக்கும் வேலை வேகமாகி விடுகிறது. கட்டும் வேலை அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. கொத்தனார் ஒருவர், இடிப்பவர் மூன்று பேர் என்றால் வீடு என்ன ஆகும்?

அலெண்ட்ரோனேட் என்ற மாத்திரை, இடிப்பவர்களின் கையைக் கட்டுகிறது. இந்த மருந்துக் குடும்பம் பிறந்த கதை விசித்திரமானது. தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதைத் தடுக்கும் ரசாயனங்களோடு உறவு உடையது இது! சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹெர்பர்ட் பிளைஷும் அவருடைய தோழர்களும் 1960-களில் இதை எலும்புக்குச் சோதித்துப் பார்த்தார்கள். எலும்பு கரைவது குறைந்தது. அதை 1969-ல் உலகுக்குச் சொன்னார்கள். அலெண்ட்ரோனேட்டுக்கு 1995-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

இடுப்பு ஒடிந்தால்...

மணிக்கட்டு ஒடிந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கஷ்டம். இடுப்பு ஒடிந்தால்? ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்து போகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. குளிக்க ஆள் வேண்டும். கழிவறைக்குப் போக ஆள் வேண்டும். மகளோ வெளிநாட்டில்!

நம் மாவட்டம் வர்மத்துக்கும் கட்டு வைத்தியத்துக்கும் பெயர் போனது. ஆசான்மார் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இடுப்பு ஒடிந்த பாட்டியைக் கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பது ஆபத்து. படுக்கைப் புண் வரும். நெஞ்சில் சளி கட்டும். அவருக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கோ, வேறு நல்ல ஆஸ்பத்திரிக்கோ உடனே கொண்டு போக வேண்டும்.

மணிக்கட்டு ஒடிந்தது ஓர் எச்சரிக்கை. வயதானவர் நின்ற நிலையில் வழுக்கி விழுந்து எலும்பு ஒடிந்தால், அடுத்த எலும்பும் ஒடியலாம் என்று அர்த்தம்.

நூறு பேரில் எத்தனை பேர்?

முதுகெலும்பு ஏற்கனவே நொறுங்கியிருந்த 2,027 பெண்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. முடிவு 1996-ல் வெளிவந்தது. சுமார் மூன்று வருடத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 15 பேருக்கு முதுகெலும்பு மறுபடி நொறுங்கியது. மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 8 பேருக்கு. இடுப்பு ஒடிந்தவர்கள் 100-க்கு 2 பேரிலிருந்து 1 ஆகக் குறைந்தார்கள்.

இதை நேர்மையாகப் படிக்க வேண்டும். 100-ல் 85 பேருக்கு மருந்து இல்லாவிட்டாலும் முதுகெலும்பு நொறுங்கவில்லை. மருந்து சாப்பிட்டும் 8 பேருக்கு நொறுங்கியது. இது மந்திரக்கோல் அல்ல. ஆனால் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது. அந்த 15 பேரில் நம் அம்மா உண்டா இல்லையா என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

பயம் எங்கிருந்து வந்தது?

தாடை எலும்பு பட்டுப்போகும் செய்தி 2003-ல் வெளிவந்தது. அது உண்மை. ஆனால் பெரும்பாலும் யாருக்கு? புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை அதிக அளவில் ஊசியாகப் போட்டுக் கொண்டவர்களுக்கு. எலும்புப்புரைக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது மிக அபூர்வம். ஒரு வருடத்தில் பத்தாயிரம் பேரில் ஒருவர், அல்லது அதைவிடக் குறைவு. சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால், மாத்திரை தொடங்கும் முன்பே பிடுங்கி விடுவது நல்லது.

இரண்டாவது பயம் தொடை எலும்பு. பல வருடம் சாப்பிட்ட சிலருக்கு, பெரிதாக அடிபடாமலே தொடை எலும்பு ஒடிகிறது. அமெரிக்க அரசு 2010-ல் இதைப்பற்றி எச்சரித்தது. இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆசியப் பெண்களுக்கு இது வெள்ளைக்காரப் பெண்களைவிட அதிகம்! கலிபோர்னியாவில் நடந்த ஆராய்ச்சி 2020-ல் வெளிவந்தது. ஆசியப் பெண்கள் பத்தாயிரம் பேர் மூன்று வருடம் சாப்பிட்டால் 91 பேரின் இடுப்பு ஒடியாமல் தப்பும். 8 பேருக்குத் தொடை எலும்பு ஒடியும்.

91 எங்கே, 8 எங்கே? ஆனாலும் அந்த 8 பேரை மறக்கக் கூடாது. தொடையிலோ கவட்டியிலோ வாரக்கணக்கில் மந்தமான வலி இருந்தால், தைலம் தேய்த்துக் கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். டாக்டரிடம் போய் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே எடுங்கள்.

மூன்றாவது பயம் வயிறு. இது நம் பகுதிக்குப் புதிதல்ல. எவரெஸ்ட் ஏறப் போன வெள்ளைக்கார டாக்டர் சோமர்வெல், பக்கத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் வேலை செய்தார். குடல் புண்ணுக்கு அவர் செய்த ஆபரேஷன்கள் ஏராளம். அவ்வளவு பேருக்கு அந்த நோய் இருந்தது. "வயிறு புண்ணாகும்" என்று கேட்டதும் நம் பாட்டிமார் திடுக்கிடுவதில் நியாயம் இருக்கிறது. உணவுக்குழாய் சுருங்கியவர்கள் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது. அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களும் அப்படியே. அவர்களுக்கு வருடம் ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் மருந்து இருக்கிறது. முதல் முறை ஏற்றியதும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மாத்திரை, ஊசி இரண்டும் ஆகாது. ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை.

யாருக்கு வேண்டாம்?

இலவச முகாமில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, "உங்கள் எலும்பு வீக்" என்று சீட்டுக் கொடுக்கிறார்கள். 50 வயதுப் பெண்மணி அலறிப் போய் மருந்துக் கடைக்கு ஓடுகிறார். இது தவறு! அந்தச் சீட்டை மட்டும் நம்பி மாத்திரை தொடங்கக் கூடாது. இடுப்பையும் முதுகையும் 'டெக்ஸா' கருவியில் படம் எடுக்க வேண்டும். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வரையறுத்தது. கொஞ்சம் மட்டும் குறைந்து, எதுவும் ஒடியாமல் இருந்தால், பலருக்கு மாத்திரை தேவையில்லை. நடந்தால் போதும். வெயில் பட்டால் போதும். மரச்சீனியோடு மீனும் வேண்டும். நெத்தோலியை முள்ளோடு தின்னுங்கள். முருங்கைக்கீரையும் பாலும் சேருங்கள்.

"அப்படியானால் எல்லோருக்கும் நெத்தோலி போதுமே?" என்று கேட்கலாம். போதாது. ஒரு முறை ஒடிந்தவருக்குச் சாப்பாடும் வேண்டும், மருந்தும் வேண்டும்.

சாகும் வரை சாப்பிட வேண்டுமா? அதுவும் இல்லை. ஐந்து வருடம் ஆனதும் டாக்டரிடம் கேளுங்கள். ஆபத்து குறைந்தவர்களுக்கு அவரே நிறுத்தி வைப்பார். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி மட்டும் வேறு ஜாதி. அதை இஷ்டத்துக்கு நிறுத்தினால் முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கலாம். பேரக்குழந்தையைப் பார்க்க வெளிநாடு போகும் அம்மாமார், ஊசி தேதியைப் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. மகனும் மகளும் போனில் சண்டை போடுகிறார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை! எலும்பு அவருடையது. கணக்கை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். நூறு, பதினைந்து, எட்டு என்று சொன்னால் எந்த அம்மாவுக்கும் புரியும். சந்தையில் மீன் விலை பேசுகிறவருக்கு இது கஷ்டமா? அவர் "வேண்டாம்" என்று சொன்னால், அதுவும் அவருடைய உரிமை.

"சரி, சாப்பிடுகிறேன்" என்று அவர் சொன்னால், வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மறக்காது. எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது. அரை மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டன் காப்பி, கால்சியம் மாத்திரை எல்லாம் அதற்குப் பிறகுதான்.