ரேகை பொய் சொல்லாது, பார்ப்பவர் தவறலாம்



"கைரேகை சிக்கியது" என்று டிவியில் ஒரு வரி ஓடினால் போதும், வீட்டில் உட்கார்ந்தபடியே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் விரல் பட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி, பீரோ போன்ற வழவழப்பான பொருள் என்றால் பொடி தூவி, படம் எடுத்து, டேப்பில் ஒட்டி எடுப்பார்கள். காகிதம் என்றால் நின்ஹைட்ரின் என்ற ரசாயனம். ரேகை ஊதா நிறத்தில் தெரியும். பிளாஸ்டிக் என்றால் ஃபெவிக்விக் போன்ற பசையின் ஆவியைக் காட்டுவார்கள். ரேகை வெள்ளையாகத் தெரியும். பிறகு கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள ரேகைகளில் தேடி, நெருங்கி வருகிற சிலரின் பட்டியலைத் தரும். கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று ஒப்பிட்டு, "இவர்தான்" என்று சொல்வது மனிதர். சிக்கல் அங்கேதான்.

2004 மார்ச் 11 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டு வெடித்து 190 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் ரேகை கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கம்ப்யூட்டர் 20 பேரைக் காட்டியது. அதில் ஒருவர் ஒரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட். ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அவர் ரேகை பதிவில் இருந்தது. எஃப்.பி.ஐ. நிபுணர் "இவர்தான்" என்றார். சரிபார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். ஸ்பெயின் போலீஸ் "பொருந்தவில்லை" என்று தெரிவித்த பிறகும் அவரைப் பிடித்து இரண்டு வாரம் சிறையில் வைத்தார்கள். கடைசியில் அந்த ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2006-இல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

அத்தனை நிபுணர்கள் எப்படித் தவறினார்கள்? முதல்வர் சொன்ன முடிவு தெரிந்த பிறகே மற்றவர்கள் பார்த்தார்கள். இது ஆசிரியர்களுக்குப் புரியும். முதலில் திருத்தியவர் போட்ட மதிப்பெண் விடைத்தாளில் தெரிந்தால், இரண்டாவது ஆசிரியரின் பேனாவும் அந்தப் பக்கமே சாயும். அதனால்தான் மறுமதிப்பீட்டில் பழைய மதிப்பெண்ணை மறைக்க வேண்டும் என்கிறோம்.

என் கருத்து இதுதான். கைரேகை நல்ல சாட்சி, அதை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது நிபுணர் முதல்வரின் முடிவு தெரியாமல்தான் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணுக்கே அவ்வளவு கவனம் என்றால், ஒரு மனிதரின் வாழ்க்கைக்கு எவ்வளவு வேண்டும்? இன்னொன்று: ரேகை சரியாகவே பொருந்தினாலும், அவர் அந்தப் பொருளைத் தொட்டார் என்றுதான் அர்த்தம். எப்போது, எதற்காகத் தொட்டார் என்று அது சொல்லாது.

அடுத்த முறை செய்தி பார்த்ததும் ஒருவரைக் குற்றவாளி என்று ஃபார்வர்டு செய்யும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் பணியாற்றும் என் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.