முதல் ஆடு சாகும்போது

ஐப்பசி மழை விழுந்து மூன்று நான்கு வாரம் ஆனதும் எங்கள் கரிசல் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர்களின் பேச்சு குறைந்துவிடும். காடெல்லாம் பச்சை. கண்மாயில் தண்ணீர். ஆடு மேய்க்க இதைவிட நல்ல காலம் ஏது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பட்டி வைத்திருப்பவர்களோ விடிந்ததும் எத்தனை ஆடு எழுந்து நிற்கிறது, எது படுத்தே கிடக்கிறது என்று பார்ப்பதைத்தான் முதல் வேலையாகச் செய்வார்கள். சீக்கு வருகிற பருவம் அது.

விளாத்திகுளம் வட்டாரத்தில் எங்கள் வீட்டையும் சேர்த்துப் பல வீடுகளில் இருப்பது வேம்பூர் ஆடு. வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் புள்ளிகள் இருப்பதால் பொட்டு ஆடு என்போம். நூறு இருநூறு ஆடுகளைச் சேர்த்துக் கிடை போடுகிற கீதாரிகளின் உலகம் வேறு. நான் இந்த வாரம் எழுத நினைத்தது எட்டு, பத்து, பதினைந்து ஆடு வைத்திருக்கும் வீடுகளைப் பற்றி. பெரும்பாலும் பெண்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இல்லையென்றால் காட்டு வேலைக்குப் போக முடியாத வயதானவர்கள். மகனின் படிப்புச் செலவு, மகளின் வளைகாப்பு, அடகுக் கடையில் இருக்கும் தோடு என எல்லாம் அந்தப் பட்டியை நம்பித்தான் நிற்கும். பெரிய கிடையில் ஐந்து ஆடு போனால் அடுத்த ஈற்றில் தேற்றிக்கொள்ளலாம். பத்தில் மூன்று போனால் அந்த வீட்டுக்கு அந்த வருஷமே போயிற்று.

பணத்தைச் சொல்லிவிடலாம், மற்றதைச் சொல்வதுதான் கடினம். சின்னப் பட்டியில் ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு முகம் உண்டு. எது முதலில் தண்ணீருக்கு ஓடும், எது அடுத்தவர் தோட்டத்துக்குள் தலையை நீட்டும், எது குட்டி போட்டதும் பக்கத்தில் யாரையும் விடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குட்டியைப் பறிகொடுத்த தாய் ஆடு மடி கனத்து, குட்டி படுத்திருந்த இடத்தை முகர்ந்து முகர்ந்து கத்திக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் வீட்டில் உலை வைக்க வேண்டும். "ஒரு ஆட்டுக்குப் போயா இப்படி அழுற?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. நடுராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் குட்டியை இழுத்துப் போட்டு, மூக்குச் சளியைத் துடைத்து, சீம்பால் குடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தவளுக்கு அழ உரிமை இருக்கிறது. அவள் அழட்டும்.

என் கவலை அந்த முதல் சில மணி நேரத்தில் நடக்கிற மற்ற காரியங்களைப் பற்றியது. முதல் ஆடு செத்ததும் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். சீக்குப் பட்டி என்று பெயர் வந்துவிட்டால் மிச்சம் இருப்பதை யாரும் வாங்கமாட்டார்கள் என்ற பயம். இருட்டியதும் ஓடைப் பக்கம் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். சிலர் அறுத்துப் பங்கு போட்டுவிடுகிறார்கள். வியாபாரிக்கு எப்படியோ சேதி போய், மறுநாளே வந்து மிச்சம் உள்ளதைப் பாதி விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடுகிறார்கள். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு எத்தனை ஊர் வண்டிகள் வருகின்றன என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். தொற்றுச் சீக்கோடு ஒரு ஆடு அப்படி ஒரு சந்தைக்குள் போனால், அது அத்தனை ஊருக்கும் போனதாகத்தான் அர்த்தம்.

செத்த ஆட்டிடம் சேதி இருக்கிறது. அதைக் கேட்காமல் புதைப்பதுதான் இரண்டாவது ஆட்டையும் மூன்றாவது ஆட்டையும் கொல்கிறது.

துள்ளுமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை நன்றாக மேய்ந்த குட்டி காலையில் செத்துக் கிடக்கும், அல்லது கண்ணெதிரே துள்ளி விழுந்து காலை உதைத்துக்கொண்டு அடங்கிவிடும். பெரும்பாலும் பட்டியிலேயே கொழுத்த குட்டியாக இருக்கும். அதனாலேயே கண்ணுபட்டுவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். குடலில் எப்போதும் இருக்கிற ஒரு பாக்டீரியா, மழைக்குப் பிந்தைய இளம்புல்லோ தானியமோ திடீரென்று நிறைய உள்ளே போகும்போது மளமளவென்று பெருகி விஷத்தைச் சுரக்கிறது. நன்றாகத் தின்கிற குட்டிதான் நிறையத் தின்கிறது. அதனால் அது முதலில் போகிறது. மருத்துவர் அன்றே திறந்து பார்த்தால் இது தெரியவரும். எங்கள் வெயிலில் பிணம் சீக்கிரம் அழுகிவிடும், அழுகிய குடல் எதையும் சொல்லாது. ஆகவே செத்ததை நிழலில் போட்டுவிட்டு உடனே ஆள் அனுப்ப வேண்டும். மிச்சக் குட்டிகளை இளம்புல்லிலிருந்து விலக்கி, தடுப்பூசி போட்டால் பட்டியைப் பிடித்து நிறுத்திவிடலாம்.

புழுவின் கதை வேறு. அது மெதுவாகக் கொல்லும். இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு ஒன்று நாளைக்குச் சுமார் 0.05 மில்லி குடிக்கிறது. ஒரு சொட்டு அளவுதான். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி. ஆடு மெலிந்து, சாயங்காலம் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். காலையில் பார்த்தால் வடிந்திருக்கும், சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தால் ரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஒரே குடற்புழு மருந்தை வருஷக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தால் புழு அதற்குப் பழகிவிடும். எதை மாற்றிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்குப் போ என்று பெரியவர்கள் சொல்வதும் புழுவுக்காகத்தான். புழுவின் குஞ்சுகள் ஈரம் இருக்கும்போதுதான் புல்லின் நுனிக்கு ஏறுகின்றன.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் திறந்து பார்ப்பது கூடாது. ஆடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். கத்தியை வைக்கவே கூடாது. அறுத்தால் அந்தக் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். அந்தக் கறியைத் தொட்டவர்களுக்கும் தின்றவர்களுக்கும் நோய் வரலாம், உயிரும் போகலாம். மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, ஆறடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

எங்கள் பட்டியை ஒரு கார்த்திகையில் நீலநாக்கு நோய் பிடித்தது. கொசுவைவிடச் சின்ன, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு பூச்சி கடித்துப் பரப்புகிற வைரஸ் அது. ஆட்டுக்கு ஆடு ஒட்டாது. ஆனால் அந்தப் பூச்சி எல்லா ஆட்டையும் கடிக்கிறது. காய்ச்சல், மூக்கில் சளி, உதடும் முகமும் வீங்கி, வாய்க்குள் புண். நாக்கு நீலமாவது பெயரில் இருக்கிறதே ஒழிய எல்லா ஆட்டிலும் தெரிவதில்லை. குளம்புக்கு மேலே வீங்கி, நடக்க முடியாமல் முழங்காலைக் குத்தி நிற்கும். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. மருத்துவர் போட்ட ஊசி மேற்கொண்டு வரும் சளிக்கும் சீழுக்கும்தான். மீதி எல்லாம் கவனிப்பு.

அந்தக் கவனிப்பு என்றால் என்னவென்று அம்மாவிடம்தான் பார்த்தேன். வாய்ப்புண்ணைப் பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்த வெளிர் ரோஜா நிறத் தண்ணீரில் கழுவி, போரிக் ஆசிட் கிளிசரின் தடவுவாள். புல் மெல்ல முடியாத ஆட்டுக்குக் கம்பங்கூழை நீர்க்கக் கரைத்து, உள்ளங்கையில் ஏந்தி, கடைவாய்ப் பக்கமாக விடுவாள். தலையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றக் கூடாது; கூழ் நுரையீரலுக்குள் போனால் நோயில் பிழைத்த ஆடு கூழில் செத்துவிடும். ஒரு மிடறு விழுங்கும்வரை காத்திருந்து அடுத்ததை விடுவாள். வெயில் படாமல் வேப்பமரத்து நிழலில் கட்டினோம், பொழுது சாய்ந்ததும் மூட்டம் போட்டோம். சில ஆடுகள் தேறின. சில தேறவில்லை. தேறாது என்று மருத்துவர் சொன்ன ஆட்டுக்கும் அவள் கூழ் கரைத்துக்கொண்டுதான் இருந்தாள். பலன் இல்லாத வேலை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த ஆடு தாகத்தோடு சாகவில்லை.

தாயை இழந்த குட்டிகளை வெள்ளாட்டிடம் விட்டோம். செம்மறியோடு இரண்டு வெள்ளாட்டையும் சேர்த்து வைத்திருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளாட்டின் காலைப் பிடித்துக்கொண்டால் குட்டி முட்டி முட்டிக் குடித்துவிடும். துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் வேளாவேளைக்கு எழுந்து செய்ய ஒரு காரியம் இருப்பது பெரிய ஆறுதல். குட்டிக்கு மட்டுமல்லாமல் அம்மாவுக்கும் அதுதான் தெம்பு கொடுத்தது என்று நினைக்கிறேன்.

பெரியப்பா கிடை போட்டவர். "மேயிற ஆட்டைப் பாக்காத தாயி, பின்னால வர்ற ஒத்த ஆட்டைப் பாரு" என்பார். செம்மறி நோயை மறைக்கும். கூட்டத்திலிருந்து தளர்ந்து விலகுகிற ஆட்டைத்தான் நரி பிடிக்கும் என்பதால், நிற்க முடிகிறவரை அது கூட்டத்தோடு நடக்கும். கடைசியாக வருவது, அசை போடாமல் நிற்பது, தீவனத் தொட்டிக்கு வராதது என இந்த மூன்றில் ஒன்றைக் கண்டால் அன்றைக்கே பிரித்துக் கட்ட வேண்டும். சந்தையில் வாங்கி வந்த புது ஆட்டை மூன்று வாரமாவது தனியாக வைத்திருக்க வேண்டும்.

செத்த ஆட்டிடம் சேதி இருக்கிறது என்றேன். தமிழ்நாட்டிலேயே அதற்குச் சாட்சி உண்டு. 1987-இல் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து அரசூரில் செம்மறிகள் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கழிச்சலுமாகச் செத்தன. மாட்டுக்கு வரும் வெக்கை நோய் மாதிரியே இருந்தது. ஆய்வகத்தில் பார்த்தபோது அது வேறு வைரஸ் என்று தெரிந்தது: 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதலில் பதிவான ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அது கண்டறியப்பட்டது அதுதான் முதல் முறை. அந்த ஊர் ஆட்டிலிருந்து பிரித்தெடுத்த வைரஸையே வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. அதற்கு அரசூர் 87 என்றே பெயர். ஆட்டுக்கொல்லிக்கு ஒரு தடவை ஊசி போட்டால் மூன்று வருஷம் தாங்கும். அரசூரில் பட்டி காலியான வீடுகளில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஊரில் செத்ததையெல்லாம் ஓடையில் எறிந்திருந்தால் இந்த ஊசி இல்லை. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிப்பது உலக அமைப்புகளின் இலக்கு. ஒவ்வொரு சின்னப் பட்டிக்கும் ஊசி எட்டினால்தான் அது நடக்கும்.

காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை கால்நடைக் காப்பீட்டில் வளர்ப்பவர் கட்ட வேண்டிய பங்கை 15 சதவீதமாகக் குறைத்தது. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. ஆட்டின் காதில் அடையாள வில்லை வேண்டும், செத்தால் மருத்துவரின் சான்று வேண்டும். ஓடைக்குப் போன ஆட்டுக்கு யாரும் சான்று தரமுடியாது.

இப்போது புரட்டாசி. மழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. ஊசி போட்டபின் உடம்பில் எதிர்ப்பு உண்டாக இரண்டு வாரமாவது ஆகும். ஆகவே இந்த வாரமே உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போய், துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் எந்த நாளில் ஊசி போடுகிறார்கள், நீலநாக்குக்கு ஊசி கிடைக்குமா என்று கேளுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் எண் 1962. அதைப் பட்டிச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டில் ஆடு செத்தால் அதை மறைக்கும் நிலைமைக்கு அவர்களைத் தள்ளாதீர்கள். கூடப் போய் நில்லுங்கள், மருத்துவருக்குப் போன் போடுங்கள், குழி தோண்ட ஒரு கை கொடுங்கள்.