பத்தாம் வகுப்போடு முடிந்துபோகும் உடம்பு

உடல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அந்த மரியாதை முதன்முதலாக நம் தேனி மாவட்டத்தில், சின்னமனூரில் செய்யப்பட்டது. விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்த வருவாய்த் துறை ஊழியர் ஒருவரின் உறுப்புகளை அவர் குடும்பத்தார் தானமாகக் கொடுத்திருந்தார்கள். சுகாதாரத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார்.

அந்தக் குடும்பத்தின் மனத்திடம் பெரிது. அப்படியொரு நிலையில் எந்தக் குடும்பத்துக்கும் முதலில் வருவது குழப்பம்தான். நெஞ்சு ஏறி இறங்குகிறது, கையைத் தொட்டால் சூடு இருக்கிறது, திரையில் இதயத் துடிப்பு ஓடுகிறது. ஆனால் ஆள் இறந்துவிட்டார் என்கிறார் டாக்டர். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அதை உறுதி செய்ய முடியும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பிக்கு அது எப்படிப் புரியும்?

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம் மனதில் நின்றிருந்தால் புரியும். இதயத்துக்குத் தன் துடிப்பைத் தானே கிளப்பும் கணு உண்டு. ஆக்சிஜன் கிடைக்கும் வரை அது துடித்துக்கொண்டிருக்கும். மூச்சு அப்படியல்ல. முகுளத்திலிருந்து கட்டளை வந்தால்தான் மூச்சு. முகுளம் செத்தபின் நடப்பது வென்டிலேட்டரின் மூச்சு. இதற்கு வேண்டிய இரண்டு பாடங்களும், ரத்த ஓட்டமும் நரம்பு மண்டலமும், புத்தகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் இரண்டு மதிப்பெண் கேள்வி, மற்றதில் படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்வி. இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்ல வகுப்பில் நேரம் இருப்பதில்லை.

பத்தோடு பெரும்பாலானோருக்கு உடம்பைப் பற்றிய படிப்பு முடிந்துவிடுகிறது. காமர்ஸ் எடுத்தவருக்கும் கம்ப்யூட்டர் எடுத்தவருக்கும் பதினைந்து வயதில் படித்ததுதான் கடைசி. உயிரியல் எடுத்தவர்களின் நிலையும் பெரிதாக வேறில்லை. உடலியங்கியல் அவர்களுக்கு நீட் தேர்வின் ஒரு பகுதி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத இடஒதுக்கீடு பெரிய வாசலைத் திறந்தது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வாசலுக்குள் போகிறவர்கள் சிலர். மீதிப் பேர் இந்த மாவட்டத்திலேயே வேலை செய்து, வண்டி ஓட்டி, பிள்ளை பெற்று வாழப் போகிறவர்கள். அவர்களுக்கும் அதே இதயம், அதே நுரையீரல்தானே?

நம் ஊர்த் தொழிலைப் பாருங்கள். பன்னீர் திராட்சைப் பந்தலில் மருந்தடிப்பவர் தலைக்கு மேலே பீய்ச்சுகிறார். பாதி அவர் முகத்திலும் தோளிலும் இறங்குகிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் மருந்து அடித்த செடிகளுக்குள்தான் நாள் முழுக்க நிற்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடம்பில் என்ன செய்யும்? நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைப் பயன்படுத்துகிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. மருந்து அந்த நொதியை முடக்கிவிடுவதால் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். கண்மணி சுருங்கும், எச்சிலும் வியர்வையும் ஊற்றெடுக்கும், நெஞ்சில் சளி கட்டும், கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். தோல் வழியாகவும் இது உள்ளே போகும் என்பதால்தான், மேலே பட்டால் உடனே சட்டையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள். பிளஸ் ஒன் மாணவர் நரம்புச் சந்திப்பைப் படிக்கும் நாளில் மருந்து டப்பா லேபிளின் படம் ஒன்று வகுப்புக்கு வரட்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று அதிலுள்ள முக்கோண நிறங்கள் எவ்வளவு கொடிய நஞ்சு என்பதைத்தான் வரிசையாகச் சொல்கின்றன. முப்பது வருஷமாக அடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும் அப்பாவிடம் வீட்டில் பேச அந்தப் பிள்ளைக்கு ஒரு காரணம் கையில் இருக்கும்.

பாம்புக்கடியும் அப்படித்தான். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. ஆனால் அதன் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். கண்ணாடி விரியன் நஞ்சு ரத்தத்தை உறைய விடாது. அதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் செய்யும் முதல் சோதனை மிக எளிது: சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பது. பள்ளி ஆய்வகத்தில் அடுக்கி வைத்திருக்கிறோமே, அதே கண்ணாடிக் குழாய். ரத்தம் எப்படி உறைகிறது என்பதைப் புரிந்து படித்த ஒருவர், கயிற்றால் இறுக்கிக் கட்டவும் மந்திரிக்கவும் நேரத்தைக் கழிக்காமல் 108க்குத்தான் போன் போடுவார்.

பெண் பிள்ளைகளுக்கு வருவோம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். பள்ளியில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். அது ஜன்னலுக்கு வெளியே போவதும் உண்டு. மலம் கறுத்துப் போனால் பயம், வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டினால் வெறுப்பு. ஹீமோகுளோபின் பாடத்தையும் மாத்திரை கொடுக்கும் நாளையும் ஒரே வாரத்தில் வைக்க அரசாணை எதுவும் தேவையில்லை. இனப்பெருக்கப் பாடத்தை “நீங்களே படிச்சுக்கங்க” என்று தாண்டிப் போகும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பாடம் நடத்திய மறுநாள் வாசலில் வந்து நிற்கும் பெற்றோரையும் அவர்கள்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்தப் படிப்பு நேற்று வந்ததல்ல. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1850களில் அவர் தமிழுக்குக் கொண்டுவந்த கால்வின் கட்டரின் உடற்கூறு நூல், அமெரிக்காவில் பள்ளிகளையும் குடும்பங்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. டாக்டருக்குப் படிப்பவருக்கு மட்டுமே உடற்கூறு என்ற எண்ணம் அன்று இல்லை.

யார் என்ன செய்வது? நம் மாவட்டத்தில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் உடற்கூறியல் அருங்காட்சியகம் இருக்க வேண்டும் என்பது விதி. அதை மாதம் ஒரு நாள் பள்ளிகளுக்குத் திறந்துவிடலாம். உடல் தானம் செய்தவர்களுக்கு அங்கே ஒரு நிமிடம் நின்று மரியாதை செய்த பிறகு பிள்ளைகள் பார்க்கட்டும். பஸ் செலவு பெரிய தொகை அல்ல. கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுக்கும் ஏலக்காய், திராட்சை வியாபாரிகளும் விவசாயிகள் சங்கங்களும் அதை ஏற்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய செவிலியர் பருவத்துக்கு ஒரு முறை வந்து, இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை எங்கே, எவ்வளவு ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை எப்படி அழுத்துவது என்று காமர்ஸ் வகுப்புக்கும் சேர்த்துக் காட்டலாம். பாடம் முடிக்கவே நேரமில்லை என்ற ஆசிரியர்களின் பேச்சு உண்மை; எனவே இவை கூடுதல் பாடமாக இல்லாமல், ஏற்கெனவே இருக்கும் பாடத்தை நடத்தும் முறையாக இருக்கட்டும். இனப்பெருக்கப் பாடத்தைத் தயங்காமல் நடத்தச் சொல்லிப் பெற்றோர் தரப்பிலிருந்தே பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் வந்தால் ஆசிரியருக்கு அது போதும். அக்டோபர் 2 கிராம சபையில் பஸ் செலவைக் கேட்கலாம். கல்லூரி முதல்வருக்கு எழுத வேண்டிய கடிதத்தைத் தலைமை ஆசிரியர் அதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே எழுதலாம்.